கேளுங்கோ, சொல்லுறன்: மாமா இருக்கிற கொரியாவை விளையாடியே காட்டலாமோ?

கேள்வி: அக்கா, என்ர தம்பி கொரியாவில ஒரு பக்ரறியில வேலை செய்யிறார். எனக்கு 9 வயசில மகனும் 6 வயசில மகளும் இருக்கினம். மாமா இருக்கிற நாடு எப்பிடி எண்டு ஒரே கேள்வி, புத்தகம் வாங்கிக் குடுத்தா படத்தைப் புரட்டிப் பாத்திட்டு மூடி வைச்சிட்டினம். மகன் ஆற்றையோ போனில 'ஸ்குவிட் கேம்' எண்ட அந்தக் கொரியத் தொடரைப் பாத்திட்டு வந்து, அசைஞ்ச பிள்ளையளை டுமீல் எண்டு சுடுற விளையாட்டை ஒழுங்கையில நடத்துறான். விளையாட்டாலயே நல்லவிதமாச் சொல்லிக் குடுக்க ஏலுமோ?
– ஒரு அம்மா, கோண்டாவில்

பதில்: ஏலும் தங்கச்சி, அவன் சுடுற அந்த விளையாட்டில இருந்தே தொடங்குங்கோ, மறிச்சா ஒளிச்சு விளையாடுவான். 2021இல வந்த அந்தத் தொடர் பெரியாக்களுக்கு எடுத்தது, ஆனா விளையாட்டு அதுக்கு எவ்வளவோ முதலே கொரியப் பிள்ளையள் தெருவில விளையாடினது, அதில சுடுறதுமில்லை சாகிறதுமில்லை. பிடிக்கிற ஆள் மரத்தில முகத்தை வைச்சுக்கொண்டு "முகுங்ஹ்வா பூ பூத்திட்டுது" எண்டு ராகம் இழுத்துச் சொல்லும் (அது அங்கத்தைய தேசியப் பூ, எங்கட செவ்வரத்தைக் குடும்பம்தான்), சொல்லி முடிச்சுத் திரும்பேக்க அசைஞ்சு பிடிபட்ட ஆள் வந்து பிடிக்கிற ஆளின்ர சின்னிவிரலைத் தன்ர சின்னிவிரலால கொழுவிக்கொண்டு நிக்கோணும், அடுத்துப் பிடிபடுறவர் அவரின்ர விரலை, இப்பிடியே சங்கிலி நீண்டுகொண்டு போகும். பேந்து ஒருத்தன் பிடிபடாமல் கிட்ட வந்து சேர்ந்து கையால ஒரு வெட்டு வெட்டி விரலைப் பிரிச்சு விட்டானெண்டா எல்லாரும் தப்பி ஓடலாம், பிடிக்கிற ஆள் துரத்தும். ஒருக்கா இப்பிடி விளையாடினா உங்கட மகனுக்கு சுடுறதை விட மற்றவையைக் காப்பாத்துறதுதான் பிடிக்கும், எனக்கு அதில சந்தேகமில்லை.

மகளுக்குக் கொக்கான் தெரியும்தானே. அங்கையும் அதே அஞ்சு கல்லுத்தான், பேர் கொங்கி. ஒண்டொண்டா, ரெண்டு ரெண்டா, மூண்டும் ஒண்டும், நாலும் ஒரேயடியா எண்டு அள்ளி, கடைசியா அஞ்சையும் எறிஞ்சு புறங்கையில ஏந்தி, திருப்பி எறிஞ்சு பிடிக்கோணும். பிடிச்ச கல்லுத்தான் கணக்கு, அதை வருசம் எண்டு எண்ணுவினம், அஞ்சு பிடிச்சா அஞ்சு வருசம். கடையில பிளாஸ்ரிக் கல்லு விக்கினம், மாமா வரேக்க கொண்டு வரட்டும், அதுவரைக்கும் முத்தத்துக் கல்லுக் காணும்.

தாயம் விளையாடத் தெரிஞ்ச வீடெண்டா யுத்-நோரி எண்டு குச்சி எறிஞ்சு காய் நகர்த்துற கொரிய விளையாட்டையும் செய்து பாருங்கோ. பூவரசங் கதியாலில பெருவிரல் மொத்தத்தில துண்டு வெட்டி நடுவால பிளந்தா ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் உருண்டை, அப்பிடி நாலு குச்சி போதும். ஒரு தட்டை தெரிஞ்சா பண்டி, காய் ஒரு அடி நகரும். ரெண்டுக்கு நாய், மூண்டுக்கு செம்மறி, நாலுக்கு மாடு, நாலும் உருண்டையா விழுந்தா குதிரை, அஞ்சு அடி. மாடும் குதிரையும் விழுந்தா இன்னொருக்கா எறியலாம். இது அவையின்ர புதுவருசத்தில வீட்டுச் சனமெல்லாம் இருந்து விளையாடுறது, தை கடைசியில அல்லது மாசியில வரும், அண்டைக்குப் பிள்ளையள் பெரியாக்களை விழுந்து கும்பிட, அவையள் காசு குடுப்பினம். கைவிசேஷம் வாங்கிற எங்கட பிள்ளையளுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

நான் உங்களிட்டச் சொல்லுறது, உடுப்புப் போட்டு, கொடி கீறி, படம் எடுத்து முகநூலில போடுற வேலை வேண்டாம், அதில பிள்ளைக்கு ஒண்டும் ஒட்டாது. தெரிஞ்ச விளையாட்டை அவையின்ர விதிப்படி விளையாட விடுங்கோ, "ஏன் அங்க இப்பிடி?" எண்டு பிள்ளையே கேக்கும். கேக்கேக்க மாமாவை வீடியோ கோலில எடுங்கோ, அங்க எங்களை விட மூண்டரை மணித்தியாலம் முந்தி, பின்னேரம் 5 மணிக்கு எடுத்தா அவருக்கு இரவு எட்டரை, வேலை முடிஞ்சு இருப்பார். சண்டை வந்தாலும் தீர்ப்பு அவரே சொல்லட்டும்.

பட்டம் ஏத்துற காலத்தில இன்னொண்டு இருக்கு. கொரியாக்காரற்ற பட்டம் நீள்சதுரம், நடுவில வட்டமா ஓட்டை, அதுக்குள்ளால காத்துப் போக பட்டத்தை நினைச்ச பக்கம் திருப்பலாம். அவையின்ர புதுவருசத்துக்குப் பிறகு வாற முதல் பௌர்ணமியோட பட்டக்காலம் முடியும், அப்ப அந்த வருசத்துக் கெடுதல் எல்லாம் போகட்டும் எண்டு பட்டத்தில எழுதி நூலை வேணுமெண்டே அறுத்து விடுவினம். வல்வெட்டித்துறைப் பட்டத்திருவிழாவில நூல் அறுந்தா அழுகிற எங்கட பெடியளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ, நம்பமாட்டாங்கள்.

கேள்வி: கானா நாட்டு ஒவாரே எங்கட பல்லாங்குழி மாதிரியாமே, முன்பள்ளியில குன்றிமணி வைச்சு விளையாட விடட்டோ?
– ஒரு ரீச்சர், நெல்லியடி

பதில்: குன்றிமணி வேண்டவே வேண்டாம் ரீச்சர், அது நஞ்சு, கடிச்சு முழுங்கினா உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை எடுங்கோ, அதையும் முன்பள்ளியில இல்லாமல் மூண்டாம் வகுப்புக்கு மேல வைச்சிருங்கோ. பக்கத்துக்கு ஆறு குழி, குழிக்கு நாலு, மொத்தம் 48 கொட்டை. எதிராளியின்ர பக்கம் முழுக்க வெறுமையானா, ஏலுமெண்டா அவருக்குக் கொட்டை போய்ச் சேருற மாதிரித்தான் நீங்கள் அடுத்ததை ஆடோணும், பட்டினி போட்டு வெல்லக்கூடாது. இந்த விதியை முதலே சொல்லிப்போடுங்கோ, இல்லாட்டி பாதியில சண்டை வரும்.