துவால் தெ ஜுயி: 'அசல்' என்று சொன்னால் நம்பலாமா?

கேள்வி: பாரிஸுக்குப் பக்கத்தில் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். வெள்ளைத் துணியில் சிவப்புக் கோட்டோவியமாக ஆடு மேய்ப்பவர்கள், மரங்கள் எல்லாம் அச்சிட்ட 'துவால் தெ ஜுயி'யில் ஹாலுக்குத் திரைச்சீலை தைக்க ஆசை. விலை அதிகமாக இருக்கிறதே என்று கேட்டால், "இது அசல் ஜுயி" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் 'அசல்' என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வெர்சாய் அருகே ஜுயி என்ற ஊரில் ஓபர்காம்ப் என்பவர் 1760-இல் தொடங்கிய துணி அச்சிடும் ஆலை 1843-இலேயே மூடிவிட்டது. இன்று புதிதாக வருவது எல்லாமே அந்தப் பாணியில் அச்சிட்டதுதான்.

இந்தத் துணிக்கு நம் பக்கத்தில் ஒரு வேர் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் மற்ற பகுதிகளிலிருந்தும் போன சாயத்துணிகள் துவைத்தாலும் வெளுக்காது. பிரெஞ்சுக்காரர்கள் அவற்றின் மேல் பித்தாகவே இருந்தார்கள். உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவைக் காப்பாற்ற 1686-இல் இத்தகைய துணிகளுக்கு அரசு போட்ட தடை 1759 வரை நீடித்தது. அது விலகிய மறு வருடமே ஓபர்காம்ப் வேலையைத் தொடங்கிவிட்டார். 1770-இல் செப்புத் தகட்டு அச்சு வந்ததும் மெல்லிய கோடுகளில் பெரிய காட்சிகள் சாத்தியமாயின. தகட்டில் பல நிறங்களைப் பொருத்துவது கடினம், அதனால்தான் ஒற்றை நிறம். 1783-இல் கோனெஸ் கிராமத்தில் வந்து விழுந்த வாயு பலூனைப் பயந்துபோன மக்கள் அடித்துக் கிழித்தார்கள். அடுத்த வருடமே அது திரைச்சீலைப் படமாகிவிட்டது! அன்றைய செய்தியை ஜன்னலில் தொங்கவிட்டவர்கள் அவர்கள். எனக்கு இந்தத் துணி பிடிப்பதே அதனால்தான்.

சரி, வாங்கும்போது முதலில் ரிப்பீட்டைக் கேளுங்கள். ஒரு படம் மறுபடி தொடங்க எவ்வளவு நீளம் என்பதுதான் அது. 90 செ.மீ. ரிப்பீட் என்றால், 2.4 மீட்டர் சீலைக்கு 2.7 மீட்டர் வெட்டினால்தான் பக்கத்துச் சீலையோடு படம் பொருந்தும். நான்கு சீலைக்கு 1.2 மீட்டர் கூடுதல். இதைச் சேர்க்காமல் வாங்கி, அப்புறம் அதே சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணி) கிடைக்காமல் அலைபவர்கள் உண்டு. மடிப்பு நெருக்கமாக வைத்தால் படமே தெரியாது. தைப்பவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.