மகள் தூங்கியபின் பிரித்த பின்னல்

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். தாத்தா கைலி நெய்தவர். இப்போது வீட்டில் தறி இல்லை. தறிக்குழி இருந்த இடத்தில் சிமெண்டு பூசி ஃபிரிஜ் வைத்திருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. விடுமுறையில் கைபேசியிலிருந்து பிள்ளைகளை மீட்கலாமே என்று, எனக்குத் தெரிந்த குரோஷா (கொக்கி ஊசிப்) பின்னலை மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து கைக்குட்டை அளவுக்குப் பின்னினாள். சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாகிவிட்டது. அவள் தூங்கியபின் நானே பிரித்து, ஒழுங்காகப் பின்னி வைத்தேன். காலையில் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஊசியைத் தொடவில்லை. தம்பியோ "எனக்கு, எனக்கு" என்கிறான். அவனுக்கு இடதுகைப் பழக்கம். எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியவில்லை. "ஆண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்" என்கிறார் கணவர். "நன்றாகப் பின்னினால் விற்கலாம்" என்கிறார் மாமியார். நான் எங்கே தவறினேன்?
(பெயர் வேண்டாம், குடியாத்தம்)

பதில்: முதலில் அந்த இரவைப் பேசிவிடுவோம். ஊசி, நூல் எல்லாம் அப்புறம்.

நானும் அதைச் செய்தவள்தான். பழைய வட ஆற்காட்டில் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தேன். ஆண்டுவிழாக் கண்காட்சிக்காக ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேசைவிரிப்பு தைத்தாள். சங்கிலித் தையலில் ஓரமெல்லாம் கொடி. ஓர் இலை வெற்றிலை அளவு, அடுத்தது புளிய இலை அளவு. வீட்டுக்கு எடுத்துப்போய் இரவோடு இரவாகப் பிரித்து, எல்லா இலையையும் ஒரே அளவாக்கினேன். முதல் பரிசு கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தவள், சோப்புப் பெட்டியை என் கையில் வைத்து, "இது உங்களுடையது டீச்சர்" என்றாள். குரலில் திமிர் இல்லை. கடைக்காரர் சில்லறையைத் திருப்பிக் கொடுப்பதுபோல் சொன்னாள். மாவட்டத்தை இரண்டாகப் பிரித்த 1989ஆம் ஆண்டு அது. அரசாங்கம் பிரித்தது ஊருக்கெல்லாம் தெரிந்தது. நான் பிரித்தது எங்கள் இருவருக்கு மட்டும்.

உங்கள் மகளும் அப்படித்தான் பேசாமல் இருக்கிறாள். பெரியவர்களின் கண்ணுக்குத் தன் ஒரு வாரம் எப்படித் தெரிந்தது என்று அவள் புரிந்துகொண்டுவிட்டாள். எனவே இன்றைக்கே சொல்லுங்கள்: "உன் பின்னலை உன்னைக் கேட்காமல் பிரித்தேன். தப்பு." அவ்வளவுதான். "ஆனால் கோணலாக இருந்ததே" என்று ஒட்டுப் போடாதீர்கள். "இனி ஒழுங்காகச் சேர்ந்து செய்வோம்" என்று உடனே ஊசியையும் நீட்டாதீர்கள். நான்கைந்து நாள் விடுங்கள்.

இனி, சதுரம் ஏன் முக்கோணமானது? அது கவனக்குறைவு இல்லை. குரோஷா கற்கும் பெரியவர்களுக்கும் முதலில் நடப்பது இதுதான். வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் சுருண்டு ஒளிந்துகொள்ளும். அதைப் பின்னாமலே திரும்பிவிட்டால் வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். இருபதில் தொடங்கியது பத்தாவது வரிசையில் பத்தாகிவிடும். மருந்து எளிது: ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் சிவப்புபோல் வேறு நிறத் துண்டு நூலை மாட்டிவைக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் அதற்குள் ஒரு தடவை ஊசியை விட்ட பிறகே திரும்ப வேண்டும். இதை அவள் கேட்கும்போது சொல்லுங்கள். கேட்காவிட்டால் முக்கோணமாகவே பின்னட்டுமே. இரண்டு முக்கோணத்தைச் சேர்த்துத் தைத்தால் சில்லறை போட ஒரு பை.

நீங்கள் எந்த ஊசி, எந்த நூல் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் ஊகிக்கிறேன். நம் வீடுகளில் குரோஷா என்றாலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் போட்ட வெள்ளை விரிப்புதான். தையல் நூலைவிடச் சற்றே தடித்த நூல், கம்பிபோல் மெலிந்த இரும்பு ஊசி. முப்பது ஆண்டு பழகிய கைக்கு அது சரி. ஒன்பது வயதுக்குத் தண்டனை. 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஊசி வாங்குங்கள். பென்சில் தடிமன் இருக்கும், விரலுக்குப் பிடி கிடைக்கும். நூலும் தடிமனாக, வழவழப்பாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு, கரு நீலம் வேண்டவே வேண்டாம். கண்ணி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பிள்ளைகள் ஆசைப்படும் பஞ்சுப்பஞ்சான உல்லன் நூலும் அப்படித்தான். பார்க்க முயல்குட்டி, பின்னினால் தலைவலி.

இன்னொன்று, நம் வேலூர் வெயில். அக்கினி நட்சத்திரத்தில் வியர்த்த கையில் செயற்கை உல்லன் ஒட்டிக்கொண்டு நகராது; பிள்ளை இழுக்கும், கண்ணி இறுகும், ஊசி நுழையாது, அழுகை வரும். பருத்தி நூல் வியர்வையைக் குடித்துக்கொள்ளும். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? தறிக்கூடங்களில் மிஞ்சும் கழிவு நூலைக் கேட்டு வாங்கி, எட்டுப் பத்து இழையை ஒன்றாகச் சேர்த்து உருண்டையாகச் சுற்றினால் தடித்த நூல் தயார். காலை எட்டு மணிக்கு முன் கால் மணி நேரம் போதும். பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே எடுத்துவையுங்கள். சலிப்புத் தட்டும்வரை உட்காரவைத்தால் மறுநாள் வராது.

இப்போது தம்பிக்கு வருவோம். ஆறு வயதுக்கு ஊசியே வேண்டாம். வீட்டில் பூக்கட்டுகிறீர்களா? நாரைச் சுண்டி வளையம் போட்டு இறுக்குகிற அந்தக் கைச்சுழற்சி தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பின்னல் தெரிந்த மாதிரி. முதலில் கயிறு முறுக்கச் சொல்லிக் கொடுங்கள். ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு நூல் எடுத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் பென்சிலைச் செருகி அவன் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். நூல் விறைத்து, தளர்த்தினால் சுருண்டு துள்ளும் நிலை வந்ததும், நீங்கள் நடுவில் பிடித்துக்கொள்ள, அவன் தன் முனையை ஜன்னலருகே கொண்டுபோய் மறுமுனையோடு சேர்க்கட்டும். பிறகு நடுவை விடுங்கள். இரண்டு பாதியும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கே வியப்புதான். ஒரு பக்கம் முறுக்கிய இழை பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது; இரண்டு இழை சேர்ந்து திரும்பப் பார்க்கும்போது எதிர்ப்பக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. ஒன்றின் முறுக்கு அவிழாமல் மற்றது தடுக்கிறது. அரைஞாண் கயிறு முதல் தேர் வடம் வரை நிற்பது இதனால்தான். இதை அவனிடம் விளக்க வேண்டாம். மூன்றாவது கயிறு முறுக்கும்போது அவனே "ஏன்?" என்பான்.

அடுத்தது அட்டைத் தறி. கல்யாணப் பத்திரிகை வரும் கெட்டி அட்டை, ஒரு சாண் நீளம். மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, இருபுறமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அவற்றில் நூலை மேலும் கீழுமாக இழுத்து மாட்டினால் பாவு. தாத்தாவின் பழைய கைலியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்தால் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் இழை. (பருத்திக் கைலி கத்தரி இல்லாமலே நேராகக் கிழியும். அந்தச் சத்தத்துக்காகவே பையன்கள் இந்த வேலைக்கு வருவார்கள்.) ஓர் இழைக்கு மேல், அடுத்ததற்குக் கீழ், திரும்பி வரும்போது மாற்றி. சீப்பால் தட்டிச் சேர்க்கட்டும். தறியில் அச்சு என்ற சட்டம் செய்கிற வேலை அது. இரண்டு நிறத்தை வரிசைக்கு ஒன்றாக மாற்றிப் போட்டால், எங்காவது தவறவிட்டது நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

போகப்போக நடுவில் இடுப்பு சிறுத்து உடுக்கைபோல் ஆகும். ஊடையை விறைப்பாக இழுப்பதால் வருவது. வானவில்போல் வளைத்துப் போட்டுப் பிறகு தட்டினால் ஓரம் நேராக நிற்கும். இந்த ஒன்றைத்தான் நான் வாய்விட்டுச் சொல்வேன், அதுவும் மூன்றாவது அட்டையில்.

இடது கையைப் பற்றிக் கவலை வேண்டாம். வலதுகைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருவோம். இவனை எதிரே உட்காரவையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் உங்கள் வலது கை செய்வதை அவன் இடது கை செய்யும். கையை மாற்றச் சொல்லி மட்டும் பிடிவாதம் செய்யாதீர்கள்.

உங்கள் கணவருக்கு என் பதில் சிறியது. குடியாத்தத்தில் தறிக்குழியில் காலை விட்டு நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) அடித்தவர் உங்கள் தாத்தா, பாட்டி அல்ல. கடைத்தெருவில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அவரையே பார்த்துவரச் சொல்லுங்கள். 1937இல் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டிய காந்தி, கைத்தொழில் வழியாகவே பாடம் நடக்க வேண்டும் என்றார். அப்படி வந்த ஆதாரப் பள்ளிகளில் பையன்களும் தக்ளி (கையால் நூல் நூற்கும் சிறு கதிர்) சுற்றினார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1919இல் சிகரெட் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். வால்டார்ஃப் பள்ளிகள் என்று உலகெங்கும் பரவியவை அதன் வழிவந்தவை. அங்கே ஆணும் பெண்ணும் முதல் வகுப்பிலேயே பின்னக் கற்கிறார்கள். பீடி சுற்றும் ஊர்க்காரருக்கு இந்தக் கதை பிடிக்கும்.

மாமியார் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். அவர் ஆசை புரிகிறது. நம் பக்கத்தில் கைவேலை என்றாலே கூலி. நெசவாளர் வீட்டில் பிள்ளைக்கு முதலில் கிடைத்த வேலை ராட்டையில் தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைச் சிறு குச்சியில் ஏற்றுவது. பள்ளிக்குப் போகாமல் சுற்றிய பிள்ளைகளும் உண்டு. பீடியும் தீப்பெட்டியும் அப்படியே எத்தனையோ சின்ன விரல்களைத் தின்றன. இன்று 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம்; அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக ஒத்தாசை செய்யச் சட்டம் இடம் விடுகிறது. நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. விலை என்ற பேச்சு வந்த நிமிடமே கோணல் குறையாகிவிடும், நேர்த்தி கட்டாயமாகிவிடும், நீங்கள் மறுபடியும் இரவில் பிரிக்க உட்காருவீர்கள். ஆகவே பத்து ரூபாய்க்குக்கூட வேண்டாம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவினர்கள் வருவார்கள் அல்லவா? அப்போதும் "அத்தைக்குக் காட்டு" என்று அலமாரியிலிருந்து எடுத்து நீட்டாதீர்கள். அவள் காட்டினால் காட்டட்டும்.

மாமியாருக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஒயர் கூடை பின்னுவாரா? அந்த வயதுப் பெண்களில் பலருக்கு சிவன் கண் பின்னல் கைவசம் இருக்கும். பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து தனக்காக ஒரு கூடை போடச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம், சும்மா பின்னினால் போதும். நீங்களும் உங்கள் வேலையை எடுத்துக்கொண்டு அங்கே உட்காருங்கள். தப்பாகப் போட்டு நீங்களே பிரிப்பதை அவள் பார்க்கட்டும். முகம் சுளிக்காமல் பிரியுங்கள். என் வகுப்பில் நான் தவறு செய்த நாள்களில்தான் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

பத்திரம் பற்றி இரண்டு வரி. தையல் ஊசி கொடுப்பதாயிருந்தால் முனை மழுங்கிய பெரிய காது ஊசியும், இடைவெளி விட்டு நெய்த மேட்டித் துணியும் போதும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். நூல் பிள்ளையின் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் சிக்கும்.

கடைசியாக, நீங்கள் திருத்திப் பின்னிய அந்தச் சதுரம் எங்கே இருக்கிறது? ஒளித்து வைத்திருந்தால் எடுத்து மேசைமேல் வையுங்கள். "இது நான் பின்னியது, வேண்டுமானால் பிரித்துக்கொள்" என்று சொல்லுங்கள். பிரிப்பதில் பிள்ளைகளுக்கு உள்ள ஆனந்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு முனையை இழுத்தால் வரிசை வரிசையாக ஓடி வரும். பிரித்த நூல் நூடுல்ஸ்போல் சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கீழே ஒரு சொம்பைத் தொங்கவிட்டு மொட்டைமாடியில் காயப்போடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் பருத்தி நூல் நேராகிவிடும். உருண்டையாகச் சுற்றும்போது சிட்டத்தை இரண்டு கையிலும் விரித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நீங்கள் பிடியுங்கள், அவள் சுற்றட்டும்.