திமில் போடாதீர்கள்: கேள்வி பதில்

மேலைநாட்டு ஓவியங்களின் ஆடுமாடுகள் பற்றிக் கொழும்பு அன்பர்கள் கேட்டவற்றுக்கு ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

வெள்ளவத்தை: ஐயா, ஒல்லாந்து ஓவியர் பவுலஸ் பொட்டர் ஒரு மாட்டை அவ்வளவு பெரிதாக ஏன் வரைந்தார்?

மன்னருக்கும் போருக்கும் ஒதுக்கப்பட்ட அளவு அது. 1647இல் 21, 22 வயது இளைஞர் அதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டார். உயரம் 2 மீற்றருக்கு மேல். அகலம் 3 மீற்றரைத் தாண்டும். முதலில் காளை மட்டும்தான். பிறகு துணியை ஒட்டுப்போட்டு நீட்டி, மற்ற மாடுகளையும் ஆடுகளையும் இடையனையும் சேர்த்தார். ஹேக் நகர மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ‘இளங்காளை’யின் முதுகைக் கிட்டே பாருங்கள்: ஈக்கள் மொய்க்கின்றன. வானத்தில் வானம்பாடி, புல்லில் தவளை. 1795இல் பிரெஞ்சுப் படை அதைப் பாரிசுக்குத் தூக்கிச் சென்றது; 1815இல்தான் வீடு திரும்பியது. பொட்டர் 28 வயதில் இறந்துபோனார்.

கொட்டாஞ்சேனை: மகள் வரையும் மாடு நாய் போலவே வருகிறது.

பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தும் மூட்டு முழங்கால் அல்ல, நம் குதிகால். முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. ஒல்லாந்து மாடு என்றால் திமில் போடவேண்டாம். அது நம்மூர் மாட்டுக்கே உரியது.

தெஹிவளை: படுத்த மாடு எந்தக் காலால் எழும்பும்?

பின்னங்காலால். குதிரை முன்னங்காலால்.

பம்பலப்பிட்டி: பொட்டரின் மாட்டைக் காளை என்பது பிழை, ஐயா. இளம் ஆண்மாட்டை யாழ்ப்பாணத்தில் நாம்பன் என்போம்.

வெள்ளவத்தை: கொம்பைப் பாருங்கள் அண்ணா, அது காளைதான்.

பம்பலப்பிட்டி: கொம்பு வளர்ந்தால் போதுமா தம்பி? கழுத்தடியில் தொங்கும் அலைதாடியைப் பாருங்கள்!

இருவரும் பொறுங்கள். பல வயது மாடுகளின் உறுப்புகளைப் பொட்டர் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். கொம்புக்கு ஒரு வயது, தாடிக்கு வேறு வயது. நீங்கள் இரண்டு மாடுகளைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள்.

பம்பலப்பிட்டி: அப்படியென்றால் பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனேர் வரைந்த உழவு மாடுகள்?

1849இன் ‘நிவர்னேயில் உழவு’ ஓவியத்தைக் கேட்கிறீர்கள். ஆறாறாகப் பன்னிரண்டு, எல்லாம் நலமடித்த எருதுகள். அங்கே நாம்பன் பேச்சே இல்லை. அதில் மனிதர்கள் மங்கி, மாடுகளே வெயிலை வாங்குகின்றன. புரட்டிய மண்கட்டியில் ஈரம்கூடத் தெரிகிறது.

மருதானை: வீட்டில் பழைய மாட்டுப்படம் ஒன்று உண்டு. விலை போகுமா?

ஏலக்காரரிடம் கேளுங்கள்.

தெமட்டகொட: நான் வரையும் ஒல்லாந்து மாட்டுக்குத் திமில் எவ்வளவு உயரம் வைக்கலாம்?

கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வெள்ளவத்தை: ஐயா, இன்னும் நான் காளை என்றே சொல்கிறேன்.

பம்பலப்பிட்டி: நாம்பன்!