மொட்டைமாடிக்குத் தேனீயும் பட்டாம்பூச்சியும் வர என்ன செடி வைக்கலாம்?

திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாடியில் அடுக்குச் செம்பருத்தியும் ரோஜாவும் நிறையப் பூக்கின்றன. ஆனால் தேனீ, பட்டாம்பூச்சி எதுவும் வருவதில்லை. கோடையைத் தாங்கி, பல ஆண்டுகள் நிற்கும் செடிகளைச் சொல்லுங்கள்."

அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறியிருக்கும். மகரந்தம் குறைவு, தேன் இருந்தாலும் எட்டாது. ஆகவே ஒற்றை அடுக்குச் செம்பருத்திக்கு மாறுங்கள். இட்லிப்பூவும் நல்லது, ஆனால் அது பட்டாம்பூச்சிக்கானது. பூவின் குழாய் நீண்டிருப்பதால் தேனீக்கு அடியிலுள்ள தேன் கிடைக்காது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் அதன் இலை வெளிறும் என்பதையும் கவனியுங்கள்.

தேனீக்கு என் முதல் பரிந்துரை துளசி. இலைக்காக அதன் கதிர்களைக் கிள்ளிவிடுகிறோம். ஒரு தொட்டியையாவது கிள்ளாமல் விடுங்கள். கொம்புத் தேனீயும் கொசுத் தேனீயும் தேடி வரும். அடுத்தது ஆவாரை. வெயிலும் வறட்சியும் அதற்குப் பொருட்டில்லை. பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் பைக்குள் அடைந்திருக்கும். பெரிய கருந்தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்த்தெடுப்பது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி.

பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது. தேன் குடித்துவிட்டுப் பறந்துவிடும். தங்கிப் பெருக வேண்டுமானால் புழு தின்ன இலை வேண்டும். கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிடும். அதன் இளம்புழு பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகும், சீண்டினால் தலைக்குப் பின்னே சிவந்த கொம்பை நீட்டும். தயவுசெய்து நசுக்காதீர்கள். சமையலுக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு எருக்கு வேண்டும். பக்கத்துக் காலிமனையில் அது இருந்தால் வெட்டவிடாமல் பார்த்துக்கொண்டாலே போதும். எருக்கம்பால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் தொட்டியில் வளர்க்க வேண்டாம். கிலுகிலுப்பைச் செடி வைத்தால் ஆண் வரியன்கள் அதன் காய்ந்த தண்டையும் காயையும் மொய்க்கும். பெண்ணை ஈர்க்கும் மணத்துக்கான வேதிப்பொருளை அங்கிருந்துதான் எடுக்கின்றன.

உண்ணிச்செடியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பட்டாம்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை. ஆனால் நம் காடுகளை அது எப்படி ஆக்கிரமித்திருக்கிறது என்று பார்த்தவர்கள் அதை நட மாட்டார்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தது. நர்சரியில் வாங்கும்போது மருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவைக் கொல்லும். புழுவுக்கென விட்ட செடியில் அதுவும் வேண்டாம்.

ஒரே வகைச் செடிகளை மூன்று நான்காகச் சேர்த்து, காலை வெயில் படும் பக்கம் வையுங்கள். அவை குடிக்க, அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் தொட்டி மாற்ற வேண்டாம். வெயில் தணிந்தபின், மாலை வேளையில் நடுங்கள்.