ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி நடக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயசு. ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சு ரெண்டு மாசம் ஆகுது. டாக்டர் நடக்கச் சொன்னார், ஆனா எனக்கு பயம், மாடிப்படி கூட ஏற விடறதில்ல. எந்நேரமும் படுத்தே இருக்கார். நான் செய்யறது சரிதானா?

பதில்: உங்க பயம் புரியுதும்மா, அட்டாக்க நேர்ல பார்த்தவங்களுக்கு அது லேசுல போகாது. ஆனா படுத்தே இருந்தா கை கால் வலு குறைஞ்சிடும், அப்புறம் பாத்ரூம் வரைக்கும் போனாலே மூச்சு வாங்கும், அதப் பார்த்து ஹார்ட்தான் மோசமாயிடுச்சுன்னு ரெண்டு பேரும் இன்னும் பயந்து இன்னும் படுக்க வெப்பீங்க. டாக்டரே சொல்லிட்டாருல்ல, சமதரையில மெதுவா 5, 10 நிமிஷத்துல ஆரம்பிங்க, சில நாளைக்கு ஒருக்கா ரெண்டு ரெண்டு நிமிஷமா கூட்டுங்க, போகப்போக வாரத்துல அஞ்சு நாள் 30 நிமிஷம் வந்துடணும். நீங்களும் கூடவே பேசிக்கிட்டே நடங்க. அவரால முழுசா ஒரு வாக்கியம் பேச முடிஞ்சா வேகம் சரி, பாட்டே பாட முடியுதுன்னா கொஞ்சம் கூட்டலாம், ரெண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினா குறைக்கணும். சாப்பிட்ட கையோட நடக்க வேணாம்.

நெஞ்சு இறுக்கமோ தலைசுத்தலோ வந்தா உடனே நிறுத்தி உக்காரணும். நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை குடுத்திருந்தா உக்காந்துதான் வெக்கணும், நின்னுக்கிட்டு வெச்சா பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். 5 நிமிஷத்துல வலி குறையலன்னா யோசிக்காம ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

கேள்வி: அடைப்பதான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரைன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் திறந்து விட்டது அந்த ஒரு இடத்த மட்டும்தான், மத்த ரத்தக்குழாய்ல கொழுப்பு படியறத அது தடுக்காது. அதோட ஸ்டென்ட்ங்கிறது உலோக வலை, அது மேல உள்தோல் வளர்ந்து மூடற வரைக்கும் ரத்தம் அங்க உறைஞ்சிடலாம், அதுக்குத்தான் ஆஸ்பிரினோட குளோபிடோகிரெல் மாதிரி இன்னொண்ணும் சேர்த்துக் குடுக்கறாங்க. அட்டாக்குக்கு அப்புறம் பொதுவா ஒரு வருஷம் ரெண்டும் ஓடும், எப்ப எத நிறுத்தணும்னு இதய டாக்டர்தான் சொல்லணும், சொந்தக்காரங்க இல்ல. பல்லு பிடுங்கப் போனாலும் மொதல்ல அவர்கிட்ட கேளுங்க. கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான், ரிப்போர்ட் நார்மல்னு வந்தா அது மாத்திரை வேலை செய்யறதால வந்த நார்மல். எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு 70க்கு கீழயாவது இருக்கணும், இப்ப நிறைய டாக்டருங்க 55க்கு கீழ கொண்டு வரப் பாக்கறாங்க. தசை வலி வந்தா சொல்லுங்க, டோஸ் மாத்தித் தருவாங்க.

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆகி அஞ்சு வாரம். தையல் ஆறிடுச்சு. ஆனா சின்ன விஷயத்துக்கும் எரிஞ்சு விழறார், தனியா உக்காந்து அழறார்.

பதில்: ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இது வரும், பலவீனம்னு நெனச்சு மறைக்கறதுதான் கஷ்டம். மனசு ஒடிஞ்சா மாத்திரையும் மறக்கும், நடையும் நிக்கும், அது நேரா ஹார்ட்டத்தான் பாதிக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா அடுத்த செக்கப்புல இதய டாக்டர்கிட்டயே சொல்லுங்க. கவுன்சிலிங் இருக்கு, ஹார்ட்டுக்கு ஒத்துப்போற மருந்தும் இருக்கு, நீங்களா கடையில வாங்கிக் குடுக்காதீங்க. செத்துப் போயிடுவேனோன்னு சொன்னா "சும்மா இருங்கப்பா"ன்னு வாய மூடாதீங்க, சொல்ல விடுங்க.

தையல் ஆறினாலும், ஆபரேஷனுக்காக வெட்டின நெஞ்செலும்பு ஒண்ணு சேர இன்னும் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் 4, 5 கிலோவுக்கு மேல தூக்க வேணாம், கைய ஊனி எழுந்திருக்க வேணாம், இருமல் வந்தா ஒரு தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கட்டும்.

கேள்வி: ஒரு நாளைக்கு 20 சிகரெட்லேர்ந்து ஒண்ணுக்கு வந்துட்டேன். போதும்தானே?

பதில்: 20லேர்ந்து இறங்கினது பெரிய விஷயம் தம்பி, ஆனா ஹார்ட்டுக்கு போதாது. 20 பிடிக்கறவருக்கு கூடற ஆபத்துல கிட்டத்தட்ட பாதி அந்த ஒண்ணுலயே வந்துடுது. நிக்கோடின் சூயிங்கம், பேட்ச் பத்தி இந்த வாரமே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.