நைலான் துப்பாக்கி உருகாதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நைலானைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பல் துலக்கும் பிரஷ்ஷில் ஆரம்பித்த சங்கதி கடைசியில் வேட்டைத் துப்பாக்கி வரைக்கும் போனது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது .22 ரைஃபிளில் சுட்டிருக்கிறேன். மரக்கட்டை, எஃகு, எண்ணெய் வாசனை. ஒவ்வொரு குண்டுக்கும், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். நைலானில் எப்படித் துப்பாக்கி செய்தார்கள்? கைப்பிடி மட்டும்தானா? சூட்டில் உருகாதா?

ச., கோவை

அன்புள்ள ச.,

கட்டுரை நீண்டுகொண்டே போனதால் அந்தப் பகுதியை வெட்டினேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தபோது வேறெதையாவது வெட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

நான் சொன்னது அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த 'நைலான் 66'. வேட்டைக்கும் குறிசுடலுக்குமான .22 அரைத் தானியங்கி ரைஃபிள். நைலானைக் கண்டுபிடித்த டூபாண்ட் நிறுவனம்தான் 1933இலிருந்து 1993 வரை ரெமிங்டனுக்கும் முதலாளி. ரெமிங்டனுக்கு வேண்டியிருந்தது, குறைந்த செலவில் செய்யக்கூடிய ஒரு துப்பாக்கி. வால்நட் மரத்தை அறுத்து, குடைந்து, மெருகேற்றி, பிடி வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்கும் வரி வெட்டி முடிப்பதற்குள் கூலி எங்கோ போய்விடும். எஃகைக் கடைந்தெடுப்பது அதைவிடச் செலவு. நைலானை உருக்கி அச்சில் செலுத்தினால் அந்த வரிகள் உட்பட எல்லாம் ஒரேயடியாக வந்துவிழும். புதுமை மோகமெல்லாம் அப்புறம்தான், முதலில் கூலிக் கணக்கு.

என்சிசியில் உங்கள் கை செய்த வேலையை இதில் தோட்டாவே செய்துவிடும். சுட்டதும் வெற்றுக்கூடு பின்பக்கம் உதைக்கிறது. அந்த உதையில் போல்ட் பின்னால் ஓடிக் கூட்டை வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளும்போது அடுத்த தோட்டாவையும் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே, அதனால்தான் 'அரை'. .22 சின்னத் தோட்டா என்பதால் போல்ட்டைப் பூட்டிவைக்கத் தனி ஏற்பாடுகூடத் தேவையில்லை. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்குமே போதும்.

இதெல்லாம் பழைய முறைதான். வின்செஸ்டர் என்ற இன்னொரு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் 1903 மாடலும் இப்படித்தான் இயங்கியது. தோட்டாக்களைப் போட்டுவைக்கும் குழாய் அதிலும் பின்கட்டைக்குள்ளேதான் இருந்தது. நைலான் 66இன் குழாயில் பதினான்கு தோட்டாக்கள் போடலாம். உண்மையில் புதிதாக இருந்தது, அந்த போல்ட் ஓடிய தடம். கைப்பிடி மட்டும்தானா என்று கேட்டீர்களே, இல்லை. கட்டையும் நடு உடலும் சேர்ந்தே நைலான், இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டியது. எஃகு போல்ட் நைலான் தடத்தின் மேல் நேரடியாக ஓடியது. நைலானுக்கு இயல்பிலேயே வழுக்கும் குணம் உண்டு, எண்ணெய் போடவே வேண்டாம். எண்ணெய் இல்லாவிட்டால் தூசி அப்பாது, கடுங்குளிரில் எண்ணெய் இறுகி போல்ட் மாட்டிக்கொள்ளவும் செய்யாது. அலாஸ்கா பக்கத்து வேட்டைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

உருகுமோ என்ற பயம் நியாயமானதுதான். அடுப்புப் பொறி பட்டு என் பாட்டியின் நைலான் புடவையில் ஓட்டை விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நைலான் உருக 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். தோட்டா வெடிக்கும் இடமும் குழலும் எஃகு. போல்ட் ஓடும் தடம் அந்தச் சூட்டை எட்டுவதில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கும் சந்தேகம் வரும் என்று கம்பெனி எதிர்பார்த்திருக்க வேண்டும். நைலான் உடலை மெல்லிய எஃகுத் தகட்டால் மூடிவிட்டார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வழக்கமான துப்பாக்கி. கட்டைக்குப் பழுப்பு நிறம், அதில் மர ரேகை மாதிரி நெளியும் சாயல். இந்த வேஷம் எனக்குச் சிரிப்பூட்டுகிறது. அப்புறம் விளம்பரம். 1959இல் ரெமிங்டனின் ஆளான டாம் ஃப்ரை, காற்றில் எறியப்பட்ட 1,00,010 சிறு மரக்கட்டைகளை இந்தத் துப்பாக்கியால் சுட்டார். தவறியது ஆறு. 1907இல் ஆட் டாப்பர்வைன் என்ற குறிசுடும் வித்தைக்காரர் 72,500 கட்டைகளில் ஒன்பதைத் தவறவிட்டதுதான் அதுவரை பேசப்பட்ட கணக்கு. அவர் கையில் இருந்தது அந்த வின்செஸ்டர் 1903.

குறைகளும் உண்டு. குறி பார்க்கும் பின்பக்க முள் அந்த மேல்தகட்டில்தான் இருந்தது. தகடு கொஞ்சம் அசைந்தாலும் குறி நகரும், அதன்மேல் தொலைநோக்கி மாட்டினால் கேட்கவே வேண்டாம். பிரித்துச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பப் பூட்டுவது பெரிய தலைவலி. செலவைக் குறைத்த அதே தகட்டு வேலை துல்லியத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். 1964இல் ரூகர் நிறுவனத்தின் 10/22 என்ற போட்டித் துப்பாக்கி வந்தது. மரக்கட்டை, அலுமினிய உடல், பத்துத் தோட்டாக்களை வட்டமாக அடுக்கும் மேகசின் என்ற தோட்டாப் பெட்டி, இரண்டு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் குழல். நைலான் 66 பத்து லட்சத்துக்கு மேல் விற்று, எண்பதுகளின் கடைசிவாக்கில் நின்றுபோனது. 10/22 இன்றும் விற்கிறது, பிளாஸ்டிக் கட்டை போட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: 66 என்பது வருடமல்ல. இந்த நைலானைச் செய்யச் சேர்க்கும் இரண்டு வேதிப்பொருள்களிலும் ஆறு ஆறு கார்பன் அணுக்கள். வேதியியலில் அதற்குப் பெயரே நைலான் 6,6. கமாவை மட்டும் எடுத்துவிட்டார்கள்.