பிக்கப் வண்டியின் பின்பக்க ஷேக்கிளை நாமே மாற்றலாமா?

மாற்றலாம். (ஷேக்கிள் என்றால் பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைத்து ஆட விடும் இரும்புப் பட்டை.) ஆனால் போல்ட்டின் கடைசி முறுக்கை எந்த நிலையில் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் இறங்காதீர்கள். நான் அப்படி இறங்கி, நாலே மாதத்தில் அதே வேலையை மறுபடி செய்தவன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக மனசு வரவில்லை.

சின்னக் குழியில் மெதுவாக இறங்கினாலும் பின்னால் 'டக்' என்று அடிக்கிறது, ஷேக்கிள் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் உருளை) போய்விட்டதாக மெக்கானிக் சொன்னார், போல்ட்டெல்லாம் துரு, நானே செய்யலாமா, யூ போல்ட்டையும் (ஸ்பிரிங்கைப் பின் அச்சோடு கட்டும் U வடிவ போல்ட்) கழற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் இருக்கின்றன, ஒன்றிரண்டு தடவை பிரேக் பேடாவது மாற்றியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தப் பழக்கம்கூட இல்லையென்றால் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நானே பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். "வீடியோ பார்த்து வேலை கற்றவன்" என்று கீழே வந்து எழுதுகிறவர்கள் எழுதட்டும். இங்கே சொல்வதெல்லாம் என் கை பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் யூ போல்ட் கேள்வி. ஷேக்கிள் மட்டும் என்றால் அதைத் தொடவே வேண்டாம். ஸ்பிரிங்கையே இறக்கினால்தான் அது கழல வேண்டும். கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு தடவை முழு முறுக்கில் இழுபட்ட யூ போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. அது தளர்ந்தால் ஸ்பிரிங்கின் பிளேட் கட்டு, அதை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டை வழியாகவே உடையும். சென்டர் போல்ட் அறுந்தால் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) நகர்ந்து, வண்டி சாய்வாக ஓடும்.

இனி என் கதை.

என் வண்டியிலும் இதே சத்தம்தான். பளு ஏற்றினால் அடங்கும், காலியாக ஓட்டினால் கூடும். ஷேக்கிளுக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் (ஸ்பிரிங் முனையில் இருக்கும் வளையம்) நடுவே கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்தேன். ரப்பர் அமுங்க வேண்டிய இடத்தில் இரும்பும் இரும்பும் இடித்தன. சந்தேகமே இல்லை. புது ஷேக்கிள், புது புஷ், புது போல்ட் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன். (ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாற்றாதீர்கள். மற்றதும் அதே பாதையில் அதே வருஷங்கள் ஓடியதுதான்.)

முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். இதில் ஹேண்ட் பிரேக்கை நம்பக் கூடாது. பெரும்பாலான பிக்கப்பில் அது பிடிப்பது பின் சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது எதையும் நிறுத்தாது. சேஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட், ஹவுசிங்குக்கு அடியில் இன்னொரு ஜாக்கி. அந்த ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, ஷேக்கிளில் பளு இல்லாத இடத்தைப் பிடிக்க வேண்டும். ஹவுசிங் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சேஸிலிருந்து ஹவுசிங்குக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். பளுவுக்குத் தகுந்தபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு சேர்ந்த கம்பி அது. அதை வளைத்துவிட்டால் பிரேக் கெடும்.

மேல் போல்ட் சுலபமாக வந்தது. கீழ் போல்ட்டில்தான் ஒரு நாளே போனது. நட்டு கழன்றது. ஆனால் போல்ட் தலையைத் திருப்பினால் கால் சுற்று போய், ஸ்பேனரைத் தளர்த்தியதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி திரும்பியது. கைக்கு அது இரும்பைத் திருப்புவது போலவே இல்லை, ரப்பரை முறுக்குவது போலத்தான் இருந்தது. புஷ்ஷுக்கு நடுவே இருக்கும் இரும்புக் குழாயோடு போல்ட் துருவால் ஒட்டிக்கொண்டது என்பதற்கு இதுதான் அடையாளம். உங்களுக்கும் அனேகமாக இது வரும். துரு எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன், அசையவில்லை. எண்ணெய் நட்டு வரைக்கும் போகும். குழாய்க்குள்ளே அவ்வளவு நீளத்துக்கு ஊறாது.

சூடு காட்டலாம், கிரைண்டர் போடலாம் என்று பலரும் சொல்வார்கள். எந்தப் பக்கம் பெட்ரோல் அல்லது டீசல் டேங்க் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல பிக்கப்களில் டேங்க் ஒரு பக்கத்து ஸ்பிரிங்கை ஒட்டியே போகும். எனக்கு ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. அதனால் ஹாக்ஸா பிளேடை ஷேக்கிள் பட்டைக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் நடுவே விட்டு, இரண்டு பக்கமும் கையாலேயே அறுத்தேன். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நெருப்புப் பொறி இல்லாமல் முடிந்ததே, அது போதும்.

பிளேட் கட்டு திறந்திருக்கும்போதே கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு ஒவ்வொரு பிளேட்டையும் விளக்கு வைத்துப் பாருங்கள். 2014-ல் டொயோட்டா அமெரிக்காவில் 2005 முதல் 2011 வரையிலான டகோமா பிக்கப்களில் சுமார் 6,90,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: பளுவாலும் துருவாலும் பிளேட் உடைந்து, இடம் மாறி, டேங்க் உட்படப் பக்கத்துப் பாகங்களில் படக்கூடும் என்பதால். விரிசல் கண்டால் வெல்டிங் வைக்காதீர்கள். பதம் ஏற்றிய எஃகு அது. வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு, ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே உடையும்.

புது புஷ் உள்ளே போக சுத்தியல் வேண்டாம். நீளமான மரை போட்ட கம்பி, தடித்த வாஷர் இரண்டு, நட்டு இரண்டு இருந்தால் இழுத்தே ஏற்றிவிடலாம். கண்ணின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது, ஊதிப்போகும். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் பசையை போல்ட்டின் வழவழப்பான உடம்பில் மட்டும் தடவுங்கள். மரையில் பட்டால் டார்க் (முறுக்கு விசை) கணக்கு தவறிவிடும்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பிறகுதான் தவறினேன். பின்பக்கம் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு டார்க்கில் முறுக்கிவிட்டு இறக்கினேன். சத்தம் சுத்தமாக நின்றது. நாலு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன். ஒரு நாள் காலையில் அதே 'டக்'.

கடைக்காரர் மட்டமான புஷ்ஷைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று நேரில் போய்ச் சத்தம் போட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. கழற்றின புஷ்ஷை எடுத்துக்கொண்டு, ஸ்பிரிங் வேலையிலேயே முடி நரைத்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் உள் குழாயைத் தள்ளினார். ரப்பர், உள் குழாயிலிருந்து பிறை போல ஒரு பக்கம் கிழிந்து வாய் திறந்தது. இன்னொரு புஷ்ஷை எடுத்தார். அதிலும் அதே பக்கம், அதே பிறை.

"தம்பி, முறுக்கும்போது வண்டி நின்னுச்சா, தொங்குச்சா?"

"தொங்குச்சுண்ணே."

"அப்ப புஷ் மேல பழி இல்ல."

அவர் விளக்கியது இதுதான். இந்த மாதிரி புஷ்ஷில் ரப்பர், உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை முறுக்கினால் ஷேக்கிள் பட்டைகள் உள் குழாயை அசையாமல் கவ்விவிடும். அதன் பிறகு ஷேக்கிள் ஆடுவதெல்லாம் ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான். பளு ஏறினால் பிளேட் நிமிர்ந்து நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தானே ஷேக்கிள் ஆடுகிறது? தொங்கும் நிலையில் கவ்வினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் பாதி முறுகி நிற்கும். குழி வந்தால் மீதியும் முறுகிக் கிழியும்.

"நாங்க முப்பது வருஷமா தொங்கவிட்டுத்தான் முறுக்குறோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. லாரிகளிலும் பழைய வண்டிகளிலும் கிரீஸ் நிப்பிள் வைத்த ஷேக்கிள் பின்னும் உலோக புஷ்ஷும் வரும். அது வழுக்கிச் சுழலும், எந்த நிலையில் முறுக்கினாலும் கவலை இல்லை. பாலியூரிதேன் புஷ்ஷும் ஏறக்குறைய அப்படித்தான், சிலிகான் கிரீஸ் போட்டால் குழாய்மேல் சுழலும். ஒட்டிய ரப்பர் புஷ்ஷுக்குத்தான் நான் சொல்வது.

இரண்டாம் தடவை போல்ட்டெல்லாம் கைமுறுக்கில் விட்டு, வண்டியை நாலு சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பின் பம்பரை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் டார்க் ரென்ச்சை வைத்தேன். அடியில் படுக்க இடம் இல்லையென்றால் ஸ்டாண்டை சேஸிலிருந்து ஹவுசிங்குக்கு அடியில் மாற்றுங்கள். வண்டியின் பளு ஸ்பிரிங்கில் ஏறிவிடும், அது போதும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று என்னைக் கேட்காதீர்கள். வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் சர்வீஸ் மேனுவலில் உள்ளதே கணக்கு.

டார்க் ரென்ச் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இரண்டாம் தடவைக்கு என் ரென்ச்சைத் தேடினால், நெருங்கின ஒருவர் இரண்டு மாதம் முன்பு வாங்கிப் போனது திரும்பவே இல்லை. கேட்டு வாங்கினேன். சக்கர நட்டு இறுகிக் கிடந்ததாம், அதில் இரும்புக் குழாயைச் செருகி, ஏறி மிதித்துக் கழற்றியிருக்கிறார். குறித்த முறுக்கு வந்ததும் வர வேண்டிய 'கிளிக்' சத்தமே வரவில்லை. அது கழற்றுகிற சாமான் இல்லை, வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டிய கருவி என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். "ஒரு ஸ்பேனருக்கா இவ்வளவு பேச்சு?" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. கருவியைப் பார்த்துப் பார்த்து வாங்கினவர்களுக்கு இது புரியும்.

புதிதாக ரென்ச் வாங்கித்தான் முடித்தேன். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை எல்லா நட்டையும் பார்த்தேன். ஒன்று மட்டும் ஒரு துளி நகர்ந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷமாகிறது, பின்பக்கம் சத்தம் இல்லை. அந்தக் கடைக்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நீங்கள் அடியில் போகும்போது உங்களுடையது ஒட்டிய ரப்பரா, கிரீஸ் நிப்பிள் வைத்ததா என்று பாருங்கள். டேங்க் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதினால், அந்த போல்ட்டை எந்தப் பக்கமாக உருவலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.